பஸ் நின்றால் நாமும் நிற்க வேண்டுமா?

(பதுளைப் பகுதித் தோட்டங்களின் சாரதிகள், ஆட்டோக்காரர்கள், பெற்றோர் ஆகியோருக்காகப் பாடசாலைத் தவணைத் தொடக்கத்தில் நடத்திய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் வளவளவென்று பேசப் போவதில்லை. போன மாதம் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வேறு ஒரு வேலையாக வந்தவர், போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வர்ற பஸ் ரோட்டுல நின்னா, பின்னால வர்ற நாங்களும் நிக்கணும்னு சட்டம் இருக்கா? கனடாவுல இருக்காம், என் மச்சான் போன்ல சொல்றாரு" என்றார். எங்களுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பினோம். அந்தப் பதிலைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அந்தத் தம்பியும் இங்கே பின்வரிசையில் இருக்கிறார்.

மச்சான் சொன்னது மெய்தான். கனடாவில் நம் தமிழ் ஆட்கள் அதிகம் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் பாடசாலை பஸ் மஞ்சள் நிறத்தில் ஓடும். பிள்ளையை இறக்க நின்றவுடன் மேலே சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்திலிருந்து 'நில்' என்று எழுதிய ஒரு பலகை கை நீட்டின மாதிரி வெளியே வரும். அதைக் கண்டால் பின்னால் வருகிறவர் 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். நடுவில் மேடு கட்டிப் பிரித்த பெரிய வீதியாக இருந்தால் மட்டும் எதிர்ப்பக்கத்துக்காரர் போகலாம். நிற்காமல் போனால் முதல் தடவைக்கே 400 டொலரிலிருந்து 2,000 டொலர் வரை தண்டம். அதோடு லைசனில் 6 புள்ளி கறுப்பாக விழும். அந்த 6 புள்ளிக்குத்தான் அங்கே ஆட்கள் பயப்படுகிறார்களாம். பணம் கட்டினால் முடிந்துபோகும், புள்ளி கூடவே வருமே.

அமெரிக்காவிலும் எல்லா மாநிலங்களிலும் இந்த மாதிரிச் சட்டம் உண்டு. பஸ்ஸுக்கு ஏன் மஞ்சள் என்றால், 1939ஆம் ஆண்டு நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் ஒரு கூட்டம் கூட்டினார். நாடு முழுக்கப் பாடசாலை பஸ் எப்படி இருக்க வேண்டும் என்று பேசி முடிவெடுத்தார்கள். விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும், அதன்மேல் கறுப்பு எழுத்து நன்றாக வாசிக்கக் கிடைக்கும் என்றுதான் அந்த மஞ்சளைத் தெரிந்தெடுத்தார்கள்.

ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. இங்கிலாந்தில் பாடசாலை பஸ் நின்றால் மற்ற வாகனம் நிற்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. அங்கே வேறொரு ஏற்பாடு. பாடசாலைக்குப் பக்கத்தில் நீளக் கம்பில் வட்டப் பலகை பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாவோ ஐயாவோ நிற்பார். அவர் பலகையைத் தூக்கிவிட்டால் எப்பேர்ப்பட்ட வாகனமும் நின்றே ஆக வேண்டும். 1953இலேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். இந்த வட்டப் பலகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருவோம். தமிழ்நாட்டில், 2012ஆம் ஆண்டு சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் பகுதியில் ஓடுகிற பாடசாலை பஸ்ஸின் அடித்தட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண்பிள்ளை விழுந்து இறந்துபோனாள். உயர் நீதிமன்றம் தானாகவே அந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. அந்த வருஷமே பாடசாலை வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. பிள்ளைகளை ஏற்றி இறக்க வண்டியில் ஓர் உதவியாளர் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இனி நம்முடைய நாடு. நமக்கு இருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதற்குப் பிறகு வந்த திருத்தங்களும். அதில் கனடாவைப் போல 'பாடசாலை பஸ் நின்றால் இரண்டு பக்கமும் நில்' என்ற பிரிவு இல்லை. ஆகவே தம்பி கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில்: இல்லை.

ஆனால் 'இல்லை' என்று கேட்டதும் எழுந்து போய்விட வேண்டாம். மஞ்சள் கோட்டுக் கடவையில் ஆள் கடக்கும்போது வாகனம் நிற்க வேண்டும். அங்கே ஒரு வாகனம் நின்றால் அதை முந்திக்கொண்டு போகக் கூடாது. முன்னால் வெளிப்பாகத் தெரியாத வளைவில் முந்தக் கூடாது. கவனயீனமாக ஓட்டி ஆளுக்குக் காயம் பட்டால் வழக்கு. இவ்வளவும் நம் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் கஷ்டம் என்னவென்றால், டவுனில் மஞ்சள் கோடு இருக்கிறது, பாடசாலை வாசலில் இருக்கிறது, ஆனால் நம் பிள்ளைகள் இறங்குகிற இடத்தில் இல்லை. பசறைப் பாதையிலும், ஹாலிஎலயிலிருந்து தெமோதரை, பண்டாரவளை போகிற பாதையிலும், அப்புத்தளைப் பக்கத்திலும் தோட்டத்துக்குப் பிரிகிற வழி ஒவ்வொன்றையும் நினைத்துப் பாருங்கள். அநேகமாக எது வளைவோ அங்கேதான் பஸ் நிற்கும். ஒரு பக்கம் மண்மேடும் கானும், மறுபக்கம் பள்ளம். நடக்க ஓர் அடி இடம் கிடையாது.

எங்கள் பிரிவு ஒன்றில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், இங்கே பலருக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண்பிள்ளை. மத்தியானம் பாடசாலை விட்டு ஒரு தனியார் பஸ்ஸில் வந்தாள். தோட்டப் பாதை வலது பக்கம் ஏறுகிறது. பஸ் இடது பக்கத்தில், வளைவு தொடங்குகிற இடத்தில் நின்றது. பின்னால் ஓர் ஆட்டோ வந்தது. பஸ்காரர் நிறுத்துவதற்காக இடது பக்க சிக்னல் போட்டிருந்தார். ஆட்டோக்காரத் தம்பி அதை 'நீ முந்திப் போ' என்று எடுத்துக்கொண்டார். இங்கே இருக்கிற சாரதிமார் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நம் மலைப்பாதையில் இடது சிக்னலை நாம் எல்லாரும் அப்படித்தானே எடுத்துக்கொள்கிறோம்? லொறிக்காரர் வழி விடுவதற்கும் அதே சிக்னல், பஸ்காரர் ஆள் இறக்குவதற்கும் அதே சிக்னல். ஆட்டோ வலது பக்கம் எடுத்து முந்தியது. பிள்ளை பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி ஓடி வந்தாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. தொடை எலும்பு முறிந்தது. தாய் மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை, பேர் இல்லை, சம்பளம் இல்லை. அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. குடித்திருக்கவில்லை, கண்மண் தெரியாமல் ஓட்டவுமில்லை. ஆட்டோவில் அவர் அண்ணன் பிள்ளை இருந்தது, அதுவும் பாடசாலை விட்டு வந்த பிள்ளைதான். வழக்கு, லீசிங் பாக்கி என்று அவரும் அலைந்து கடைசியில் ஆட்டோவை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். இரண்டு குடும்பமும் ஒரே லயம். நடுவில் மூன்றே மூன்று காம்பிரா. இன்றைக்கும் பீலிக்கரையில் அந்த அம்மா தண்ணீர் பிடிக்கும்போது இந்த அம்மா வர மாட்டார்.

எங்கள் பிழையும் இதில் உண்டு. அந்த வளைவைத் தாண்டித்தான் நாங்கள் ஆறு வருஷமாக வேலைக்குப் போய் வந்தோம். பிள்ளைகள் அங்கே இறங்குவதைத் தினமும் பார்த்தோம். பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்று ஒரு கடிதம் எழுதவில்லை. விபத்துக்குப் பிறகுதான் எழுதினோம். பஸ் இப்போது அறுபது எழுபது யார் தள்ளி, இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நிற்கிறது. ஒரு கடிதமும் சாரதியிடம் நேரில் ஒரு வார்த்தையும் போதுமாக இருந்தது.

இந்த விபத்தை நாங்கள் பல தரம் யோசித்துப் பார்த்தோம். யோசிக்க யோசிக்கத்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரே பாதையில் பஸ்ஸில் போய் அதே பாதையில் திரும்பி வருகிற ஒவ்வொரு பிள்ளையும் நாளைக்கு ஒரு தரம் கட்டாயம் வீதியைக் கடந்தே ஆக வேண்டும். தோட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. காலையில் இந்தப் பக்கம் ஏறினால் மத்தியானம் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். காலையில் கடக்கிற பிள்ளைக்கு அவ்வளவு பயமில்லை. பஸ் வருமுன் கடந்து நிற்கும், தாயோ அண்ணனோ கூட இருப்பார்கள். மத்தியானம் கடக்கிற பிள்ளைதான் பஸ்ஸின் மறைவிலிருந்து கடக்கிறது. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகிறது. பிள்ளை பசியோடு வருகிறது, மழை தூறுகிறது, தாய் மலையில் கொழுந்து எடுக்கிறாள். கையைப் பிடிக்க ஆளில்லை.

பஸ்ஸின் முன்னால் கடந்தால், பின்னாலிருந்து முந்துகிறவருக்குப் பிள்ளை தெரியாது. பின்னால் கடந்தால், எதிரே வருகிறவருக்குத் தெரியாது. இரண்டுமே குருட்டு இடம். பஸ்ஸோடு ஒட்டி முன்னால் போகிற சின்னப் பிள்ளையை, உயரத்தில் உட்கார்ந்திருக்கிற பஸ் சாரதிக்கே தெரியாது. கனடாவில் சில பஸ்களின் முன் பம்பரில் ஒரு நீளக் கம்பி வெளியே விரியும்படி வைத்திருப்பது அதற்காகத்தான், பிள்ளை அதைச் சுற்றி எட்டிப் போகட்டும் என்று.

ஆட்டோ மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால், அது பெரிய வேகம் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு விநாடிக்கு அது 11 மீற்றர். பிள்ளை பஸ் மறைவிலிருந்து வெளியே வந்து கண்ணுக்குத் தெரிந்து, கால் பிரேக்குக்குப் போகுமுன்னே அந்த ஒரு விநாடி முடிந்துவிடும். பிரேக் பிடித்து நிற்பது அதற்குப் பிறகுதான். ஈரத்தில் இன்னும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் பக்கத்து வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்று. நம் பிள்ளைகளின் உடுப்பு வெள்ளை. வெயிலில் நன்றாகத் தெரியும். அப்புத்தளை, தம்பேதன்னைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் அந்த வெள்ளை பனியோடு பனியாய்ப் போய்விடும். மேலே கறுப்புக் குடை வேறு. குடையைச் சரித்துப் பிடித்தால் பிள்ளைக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரருக்கு ஒரு குடை நகர்வதுதான் தெரியும். சிவப்போ மஞ்சளோ ஒரு பை, அல்லது பையின்மேல் ஒரு நிறத்துணி தைத்துவிடுங்கள் என்று தாய்மாரைக் கேட்கிறோம். பாடசாலைச் சீருடைச் சட்டம் பைக்கு இல்லையே!

'நின்றால் நேரம் போகும்' என்று சிலர் சொல்கிறீர்கள். கொழுந்து லொறி ஸ்டோருக்கு நேரத்துக்குப் போக வேண்டும், தெரியும். பஸ் ஆள் இறக்குவதற்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். நம் பாதையில் அவசரப்பட்டு இடம் பிடிப்பதற்கு என்ன விலை என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாததல்ல. 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி, சனிக்கிழமை காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. அன்றைக்கே 14 உயிர் போனது. பாறை சரிந்து விழுந்து ஒடுங்கிப்போயிருந்த இடம் அது. எதிரே லொறி. இரண்டும் ஒன்றையொன்று கடக்கிற வேளையில்தான் பஸ் விளிம்பைத் தாண்டியது. யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. ஒடுங்கிய இடத்தில் இரண்டு வண்டிக்கு ஒரே நேரத்தில் இடமில்லை என்பதை மட்டும் சொல்கிறோம். பஸ் ஆள் இறக்கிக்கொண்டு நிற்கும்போது நம்முடைய எந்தப் பாதையும் ஒடுங்கிய பாதைதான்.

ஆகவே சட்டத்தில் இல்லாததை நமக்குள் ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறோம். பிள்ளைகளை இறக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற லொறி, ஆட்டோ, வேன், மோட்டார் சைக்கிள் எதுவானாலும் பஸ் மறுபடி நகரும் வரை பின்னாலேயே நிற்பது. இடது சிக்னலைக் கண்டால் முதலில் 'இறக்கப் போகிறார்' என்று எடுத்துக்கொள்வது. எதிரே வருகிறவர் முதல் கியருக்கு இறக்கி, நடக்கிற வேகத்தில் கடப்பது. பிள்ளைகள் வீதியில் கால் வைத்திருந்தால் நின்றுவிடுவது. ஹோன் அடித்துக்கொண்டே வேகமாகப் போவது நிற்பதற்குச் சமம் ஆகாது. ஹோன் சத்தத்துக்குப் பிள்ளை எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது.

"பின்னால வர்ற வெளியூர் வேன்காரன் ஹோன் அடிச்சி ஏசுவானே" என்று ஒரு தம்பி சொல்கிறார். ஏசுவான்தான். தூரத்துக்கு வந்தவனுக்கு இந்தச் சந்தியில் பிள்ளை இறங்குவது தெரியாது. நீங்கள் நின்றால் உங்களுக்குப் பின்னால் அவனும் நின்றுதான் ஆக வேண்டும், வேறு வழி அவனுக்கு இல்லை. ஒரு தோட்டத்து ஆட்டோ நின்றால் பத்து வாகனம் நிற்கும்.

பஸ்காரர்களோடும் பேச வேண்டும். இ.போ.ச. 'சிசு செரிய' பஸ்ஸாக இருந்தாலும் தனியார் பஸ்ஸாக இருந்தாலும் சாரதியும் கொண்டக்டரும் நமக்குப் பழகின ஆட்கள். வளைவில் நிறுத்த வேண்டாம், பிள்ளை இறங்கும்போது கொண்டக்டர் ஓர் அடி கீழே இறங்கிப் பின்னால் பாருங்கள் என்று தன்மையாகக் கேட்டால் அநேகர் கேட்பார்கள். கேட்காவிட்டால் தனியார் பஸ் பற்றிய முறைப்பாட்டுக்கு 1955 என்ற இலக்கம் இருக்கிறது. பஸ் இலக்கமும் நேரமும் குறித்துக்கொண்டு பேசுங்கள். கோபத்தில் எடுத்துப் பேசினால் ஒன்றும் நடக்காது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. பஸ் போன பிறகு கடக்க வேண்டும். பஸ்ஸின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பஸ் கண்ணுக்கு மறையட்டும், பாதை இரண்டு பக்கமும் தெரியட்டும், பிறகு கடக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாய்க்குட்டி ஒன்று எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாம் மறந்துபோகும். பெரிய பிள்ளைகள் ஓடினால் சின்னதும் பின்னால் ஓடும். அதனால்தான் ஆள் வேண்டும் என்கிறோம்.

இங்கேதான் இங்கிலாந்து வட்டப் பலகை வருகிறது. நம் லயங்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாயிமார், தாத்தாமார் எத்தனையோ பேர் மத்தியானம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்திக்கு ஒருவர், கிழமைக்கு ஒருவராக மாறி மாறி, ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி வரை அங்கே நின்றால் போதும். வாகனத்தை நிறுத்த நம் சட்டத்தில் அவருக்கு அதிகாரம் இல்லை, ஆகவே நடு வீதிக்குப் போய்க் கையைக் காட்டக் கூடாது. ஆனால் பிள்ளைகளை நிறுத்த அவருக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது. பஸ் போகும் வரை பிள்ளைகளைக் கான் ஓரத்தில் நிறுத்தி வைத்து, பிறகு ஒரே கூட்டமாகக் கூட்டிக்கொண்டு கடப்பது. அவ்வளவுதான் வேலை. இரண்டு பிரிவில் பரீட்சித்துப் பார்த்தோம். ஓர் அப்பாயி, "நான் முப்பத்தஞ்சு வருஷம் கொழுந்து எடுத்தேன், எந்தக் கங்காணியும் இவ்வளவு பேர என் பேச்சக் கேக்க வைக்கல" என்று சிரிக்கிறார்.

கடவைக் கோடு, 'பிள்ளைகள்' பலகை இவற்றுக்கு யாரிடம் எழுதுவது என்பதில் நமக்குக் குழப்பம் உண்டு. பசறை, லுணுகலை, வெலிமடை போகிற ஏ5 பாதையும், பெரகலையிலிருந்து ஹாலிஎல வருகிற ஏ16 பாதையும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஏ, பி என்று வருகிற வீதி எல்லாமே அவர்களுடையது. சி, டி வகுப்பு வீதி மாகாணத்துக்கு உரியது. அதற்கும் உள்ளே போகிற பாதையென்றால் பிரதேச சபை அல்லது தோட்ட நிர்வாகம். பிழையான இடத்துக்கு எழுதினால் கடிதம் வருஷக்கணக்கில் சுற்றும். எங்கள் கடிதம் ஒன்று அப்படிச் சுற்றியிருக்கிறது. எழுதும்போது இடத்தின் பெயர், கிட்டவுள்ள கட்டை இலக்கம், அங்கே இறங்குகிற பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். பாடசாலை அதிபரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

அப்படியும் ஏதும் நடந்துவிட்டால், அடிபட்ட பிள்ளையைத் தூக்கி மடக்கி ஆட்டோவில் போடாதீர்கள். 1990க்கு எடுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது நம் பக்கமும் வருகிறது, பணம் கிடையாது. பொலிசுக்கு 119. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கட்டை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 'பெரிய மரத்துக்குக் கிட்ட' என்றால் அவர்களுக்கு விளங்காது.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல்கணக்குச் சந்தியிலிருந்து தொடங்கி, நம் பிள்ளைகள் இறங்குகிற ஏழு இடங்களையும் நடந்து பார்க்கப் போகிறோம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு சாரதி, ஒரு தாய், முடிந்தால் ஓர் அப்பாயி வர வேண்டும். ஓரத்தில் பிள்ளைகள் நிற்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் குறிப்போம், சுண்ணாம்பும் வாளியும் நாங்கள் கொண்டுவருகிறோம். பின்வரிசையில் இருக்கிற தம்பி தன் ஆட்டோவில் ஏற்றி இறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர் கொடுக்கிறவர்கள் போகும்போது மேசையில் இருக்கிற கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள்.